இட்லியா, அடையா, பழைய சோறா: மதியம் வரை தளராமல் இருக்க எந்தக் காலை டிபன்?

காலை எட்டு மணிக்கு வயிறு நிறையச் சாப்பிட்டும் 11 மணிக்குக் கண் சொக்குகிறது, சின்ன விஷயத்துக்கும் எரிச்சல் வருகிறது, இன்னொரு காபி உள்ளே போனால்தான் வேலை ஓடுகிறது என்பவர்களுக்காக இந்த ஒப்பீடு. தமிழ்நாட்டு வீடுகளில் வழக்கமாகச் செய்யும் டிபன் வகைகளை மட்டுமே எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வாரத்தில் மூன்று நான்கு நாள் அடை அல்லது பெசரட்டு. மற்ற நாள் இட்லி, ஆனால் எண்ணிக்கையைக் குறைத்து முட்டையோ சுண்டலோ சேர்த்து. வெயில் நாட்களில் பழைய சோறு, பக்கத்தில் ஒரு பயறு வகையுடன். பொங்கல் வடையை விடுமுறை நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஜாம் தடவிய பிரெட், கார்ன்ஃப்ளேக்ஸ், மால்ட் பானம், வெறும் காபி எல்லாம் கடைசி வரிசை. ஏன் இப்படி என்பதற்கு மூளைக்குள் நடப்பதைக் கொஞ்சம் பார்த்தாக வேண்டும்.

மூளைக்கு என்ன போகிறது

உடல் எடையில் மூளை சுமார் 2 சதவீதம்தான். ஆனால் ஓய்வில் இருக்கும் உடல் செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய 20 சதவீதம் அதற்குப் போகிறது. நாளொன்றுக்கு 100 முதல் 120 கிராம் குளுக்கோஸ் எரிக்கிறது. இதைக் கேட்டவுடன் இனிப்பு சாப்பிட்டால் மூளை சுறுசுறுப்பாகும் என்று நினைத்துவிடக் கூடாது. இரவெல்லாம் சாப்பிடாமல் தூங்கினாலும் கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து அந்த குளுக்கோஸைக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. ஆரோக்கியமானவருக்குத் தட்டுப்பாடு வருவது அபூர்வம். தொல்லை கொடுப்பது ஏற்ற இறக்கம். வேகமாகச் செரிக்கும் மாவுச்சத்தை மட்டும் நிறையச் சாப்பிட்டால் ரத்தச் சர்க்கரை சட்டென்று ஏறும், அதற்கேற்ப இன்சுலின் அதிகமாகச் சுரக்கும், இரண்டு மூன்று மணி நேரத்தில் சிலருக்குச் சர்க்கரை பழைய அளவுக்கும் கீழே இறங்கும். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் 1,070 பேருக்குத் தொடர் குளுக்கோஸ் கருவி பொருத்திப் பார்த்து 2021-இல் வெளியான ஆய்வில், இந்த இறக்கம் ஆழமாக இருந்தவர்களுக்குப் பசி கூடுதலாக இருந்தது, அடுத்த சாப்பாட்டையும் அவர்கள் சீக்கிரமே தேடினார்கள். எட்டு மணி டிபனுக்குப் பின் 11 மணிக்கு பிஸ்கட் டப்பாவைக் கை தேடுவதற்கு இது ஒரு நல்ல விளக்கம்.

அடுத்தது, மனநிலையோடு சேர்த்து எங்கும் பேசப்படும் செரட்டோனின். புரதத்தின் துண்டுகளான அமினோ அமிலங்களில் ஒன்று டிரிப்டோஃபான், அதிலிருந்து மூளை இதைத் தயாரிக்கிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஃபெர்ன்ஸ்ட்ரோம், வர்ட்மன் இருவரும் 1970-களின் தொடக்கத்தில் எலிகளில் ஒன்றைக் கண்டார்கள். மூளைக்குள் நுழையும் வாசலில் டிரிப்டோஃபானும் வேறு சில பெரிய அமினோ அமிலங்களும் ஒன்றோடொன்று போட்டி போடுகின்றன. மாவுச்சத்து மட்டும் சாப்பிட்டால் இன்சுலின் மற்ற அமிலங்களைத் தசைக்குள் தள்ளிவிடும். போட்டி குறைந்து டிரிப்டோஃபான் அதிகமாக உள்ளே போகும். இனிப்பு சாப்பிட்டால் மகிழ்ச்சி ஹார்மோன் கூடும் என்ற பேச்சுக்கு வேர் இதுதான். ஆனால் சாப்பாட்டில் சிறிதளவு புரதம் கலந்தாலே இந்த விளைவு மங்கிவிடுகிறது. உளுந்து சேர்ந்த இட்லிக்கும் பருப்பு சேர்ந்த பொங்கலுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. வாழைப்பழத்தில் செரட்டோனினே இருக்கிறது, உண்மை. ஆனால் வாயால் சாப்பிடும் செரட்டோனின் ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பைத் தாண்டாது. குடலில் சுரக்கும் செரட்டோனினும் அப்படியே, அதுதான் உடலிலுள்ள மொத்தத்தில் 90 சதவீதத்துக்கும் மேல்.

ஊக்கத்தோடு சேர்த்துப் பேசப்படும் டோபமைனின் கதையும் கிட்டத்தட்ட இதுவே. அதன் மூலப்பொருளான டைரோசின் என்ற அமினோ அமிலம் சாதாரணச் சாப்பாட்டிலேயே போதுமான அளவு கிடைக்கிறது. மேலும் கொட்டினால் டோபமைன் பெருகிவிடாது. ஆனால் டிரிப்டோஃபானைச் செரட்டோனினாகவும் டைரோசினை டோபமைனாகவும் மாற்றும் வேலையைத் தொடங்கி வைக்கும் இரண்டு நொதிகளுக்கும் இரும்பு தேவை. அடுத்த படிக்கு வைட்டமின் பி6 வேண்டும். நரம்பின் மேலுறைக்கும் ரத்த அணுக்களுக்கும் பி12, ஃபோலேட் வேண்டும். நம் ஊரில் பற்றாக்குறை இருப்பது இந்த இடத்தில்தான். தேசிய குடும்ப நல ஆய்வின் 2019–21 சுற்றில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் இந்திய அளவில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. ஆகவே ஒரு டிபனை எடைபோட மூன்று கேள்விகள் போதும்: சர்க்கரை எவ்வளவு வேகமாக ஏறுகிறது, புரதம் எவ்வளவு, இரும்பும் பி12-உம் உள்ளே போய்ச் சேர்கின்றனவா. புரதத்துக்கு ஒருவேளைக்கு 15 முதல் 20 கிராம் என்று இலக்கு வைத்துக்கொள்வோம்.

அடை, பெசரட்டு

அடை முதலிடம் பிடிப்பதற்குக் காரணம் அதன் விகிதம். இரண்டு பேருக்கு இட்லி அரிசி 80 கிராம், கடலைப்பருப்பு 40, துவரம்பருப்பு 40, உளுந்து 20. அரிசியைவிடப் பருப்பு கூடுதல். ஆளுக்குச் சுமார் 14 கிராம் புரதம், எண்ணெயுடன் 400 கலோரி. ஒரு கிண்ணம் தயிர் சேர்த்தால் இன்னும் 3 கிராம் புரதமும் கொஞ்சம் பி12-உம் கிடைக்கும். அரிசியில் குறைவாக உள்ள லைசின் என்ற அமினோ அமிலம் பருப்பில் இருக்கிறது, பருப்பில் குறைவாக உள்ள மெத்தியோனின் அரிசியில் இருக்கிறது. மாவைக் கொரகொரப்பாக அரைப்பதால் இட்லியைவிட மெதுவாகச் செரிக்கிறது.

நான்கு காய்ந்த மிளகாயோடு சேர்த்து மூன்று நான்கு மணி நேரம் ஊற வேண்டும். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, பெருங்காயம், உப்பு சேர்த்து ரவை பதத்துக்கு அரையுங்கள். புளிக்க வைக்கத் தேவையில்லை. இரவு அரைத்துக் குளிர்பெட்டியில் வைத்தால் காலையில் பத்து நிமிட வேலை. கல்லில் ஊற்றியதும் நடுவில் ஒரு குழி போட்டு அதிலும் எண்ணெய் விட்டு, சிறு தீயில் ஒவ்வொரு பக்கமும் மூன்று நிமிடம் வேக விடுங்கள். முருங்கைக்கீரை ஒரு கைப்பிடி சேர்த்தால் ஃபோலேட்டும் கிடைக்கும்.

அடை சாப்பிட்டால் வயிறு உப்புகிறது என்பவர்கள் பெரும்பாலும் ஊறும் நேரத்தைச் சுருக்கியிருப்பார்கள், அல்லது பெருந்தீயில் வைத்து வெளியே முறுகலும் உள்ளே பச்சையுமாக எடுத்திருப்பார்கள். கடலைப்பருப்பு ஒத்துக்கொள்ளாதவர்கள் அதற்குப் பதில் பாசிப்பருப்பு போடலாம். நைசாக அரைத்தால் ரப்பர் போல் இழுக்கும், செரிமானமும் வேகமாகிவிடும். தொட்டுக்கொள்ள அவியல், கீரை, தயிர் எதுவும் சரி. வெல்லத்தைக் கட்டியாக வைத்துச் சாப்பிட்டால் மெதுவாக ஏற வேண்டிய சர்க்கரை வேகமாக ஏறிவிடும். சிறு துண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பெசரட்டுக்கு அரிசியே வேண்டாம், அல்லது ஒரு ஸ்பூன் போதும். ஆளுக்கு 75 கிராம் பச்சைப்பயறு, இரவு ஊறப் போட்டு இஞ்சி, பச்சை மிளகாயோடு அரைத்தால் 17 கிராம் புரதம். ஆந்திர பாணியில் உள்ளே உப்புமா வைப்பது சுவைதான், ஆனால் வேலை நாளில் அது வேண்டாம்.

இட்லி

இட்லியை உயர்த்திப் பிடிப்பவர்களும் சரி, வெறும் மாவு என்று ஒதுக்குபவர்களும் சரி, பாதி உண்மையைத்தான் பேசுகிறார்கள். புளித்தலில், தானியத்தில் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பைட்டேட் குறைகிறது, அதனால் இரும்பு உறிஞ்சப்படுவது மேம்படுகிறது. எண்ணெய் இல்லை. ஆனால் நைசாக அரைத்து ஆவியில் வேக வைத்த அரிசி மாவு, வாயில் கரைவதைப் போலவே குடலிலும் விரைவாகக் கரைகிறது. நான்கு இட்லியில் ஏறக்குறைய 8 கிராம் புரதம்தான். கூட வருவது தேங்காய்ச் சட்னி மட்டும் என்றால் கொழுப்பு கூடும், புரதம் கூடாது.

சரிசெய்வது எளிது. நான்குக்கு ஒன்று என்று போடும் அரிசி, உளுந்து விகிதத்தை மூன்றுக்கு ஒன்று ஆக்குங்கள். இட்லியை மூன்றோடு நிறுத்துங்கள். சாம்பாரில் ஆளுக்கு 20 முதல் 25 கிராம் துவரம்பருப்பு இருக்கட்டும், காய் நிறையட்டும். கடைச் சாம்பார் தண்ணீராக இருந்தால் இந்தக் கணக்கு நிற்காது. சட்னியை 25 கிராம் வேர்க்கடலையில் அரைத்தால் 6 கிராம் புரதம் கூடுகிறது. இரண்டு அவித்த முட்டை வைத்துக்கொண்டால் 12 கிராம் புரதமும், ஏறக்குறைய 1 மைக்ரோகிராம் பி12-உம், 290 மில்லிகிராமை ஒட்டிய கோலினும் கிடைக்கும். கவனத்துக்கும் நினைவுக்கும் வேண்டிய அசிட்டைல்கோலினின் மூலப்பொருள் இந்தக் கோலின். முட்டையையும் சாம்பார்க் காயையும் முதலில் சாப்பிட்டுவிட்டு இட்லிக்கு வாருங்கள். நியூயார்க்கின் வைல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகளிடம் நடந்த ஒரு சிறிய ஆய்வில், காயும் இறைச்சியும் முதலில், மாவுச்சத்து கடைசியில் என்று வரிசையை மாற்றியதற்கே சாப்பாட்டுக்குப் பின்னான சர்க்கரை ஏற்றம் தெளிவாகக் குறைந்தது. செலவில்லாத மாற்றம் இது, செய்து பார்க்கலாம்.

தோசைக்கும் இதே கணக்குதான், எண்ணெய் மட்டும் கூடுதல்.

பழைய சோறும் கூழும்

சோறு ஆறும்போது அதன் மாவுச்சத்தில் ஒரு பகுதி எளிதில் செரிக்காத வடிவத்துக்கு மாறுகிறது. அதனால் சுடுசோற்றைவிடச் சர்க்கரை சற்று நிதானமாக ஏறும், மிஞ்சுவது குடல் நுண்ணுயிரிகளுக்கு உணவாகும். நீராகாரத்தில் தண்ணீரும் உப்பும் ஒன்றாக இருப்பதால் வெயிலில் வேலை செய்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான டிபன் குறைவு; உடலில் நீர் 1, 2 சதவீதம் குறைந்தாலே சோர்வும் கவனச் சிதறலும் தலைகாட்டும்.

ஆனால் ஒரே இரவில் சோற்றில் இரும்பு இருபது மடங்கு கூடுகிறது என்று பரவும் செய்தியை நம்ப வேண்டாம். இரும்பு ஒரு தனிமம். பாக்டீரியா அதை உருவாக்க முடியாது. புளித்தல் செய்யக்கூடியது, ஏற்கெனவே இருக்கும் இரும்பை உடல் எளிதாக எடுத்துக்கொள்ள உதவுவது மட்டுமே, அரிசியில் இருப்பதே சொற்பம். 150 கிராம் சோற்றில் புரதமும் 4 கிராம்தான். ஆகவே வெங்காயம், மோர்மிளகாயோடு விடாமல் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலை அல்லது தட்டைப்பயறுச் சுண்டல் (100 கிராமில் சுமார் 8 கிராம்), கெட்டித் தயிர், அசைவம் உண்டென்றால் முந்தின நாள் மத்தி மீன் குழம்பு என்று சேர்த்துக்கொள்ளுங்கள். மத்தியில் மூளைச் செல்களின் சவ்வுக்கு வேண்டிய ஒமேகா-3 கொழுப்பு நேரடியாகக் கிடைக்கிறது. ஆளி விதையில் உள்ளது வேறு வடிவம், உடல் அதில் சிறு பங்கையே மாற்றிக்கொள்கிறது.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. சோற்றில் பேசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் வேகும்போதும் சாகாமல் இருக்கும். சோறு வெதுவெதுப்பாகவே கிடந்தால் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும், திரும்பச் சூடு செய்தாலும் அந்த நஞ்சு போகாது. சோற்றைப் பரப்பி ஆற விட்டு, ஒரு மணி நேரத்துக்குள் முழுக்க மூழ்கும்படி தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு கரண்டி முந்தின நாள் நீராகாரமோ மோரோ விட்டால் சீக்கிரம் புளித்து அமிலம் ஏறும். எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் போதும். நூல் நூலாக இழுத்தாலோ, புளிப்பில்லாத கெட்ட வாடை வந்தாலோ கொட்டிவிடுங்கள்.

கம்பங்கூழ் இன்னும் ஒரு படி மேல். 100 கிராம் கம்பில் 6 மில்லிகிராமுக்கு மேல் இரும்பும் சுமார் 11 கிராம் புரதமும் உண்டு. பைட்டேட்டும் நிறைய இருப்பதால் இரவு புளிக்க வைப்பதைத் தவிர்க்கக் கூடாது. எலுமிச்சையோ நெல்லிக்காயோ மாங்காய்த் துண்டோ கூட இருந்தால் வைட்டமின் சி அந்த இரும்பை உள்ளே இழுக்க உதவும். கேழ்வரகைக் கூழாகவோ களியாகவோ சாப்பிடுவதற்கும், நைசாகப் பொடித்து நீர்க்கக் காய்ச்சி வெல்லம் போட்டு மால்ட்டாகக் குடிப்பதற்கும் நிறைய வேறுபாடு. இரண்டாவது கிட்டத்தட்ட இனிப்புப் பானம், சர்க்கரை வேகமாகத்தான் ஏறும்.

பொங்கல் வடை

அரிசி மூன்று, பருப்பு ஒன்று, கையளவு நெய், முந்திரி, மேலே இரண்டு வடை. எளிதாக 600 கலோரியைத் தாண்டும். பொங்கல் சாப்பிட்டால் தூக்கம் வரும் என்பது கற்பனை இல்லை. பெரிய அளவும் கொழுப்பும் சேர்ந்து செரிமானத்தை நீட்டிக்கின்றன. விழிப்பைப் பிடித்து வைத்திருக்கும் ஓரெக்சின் நரம்புச் செல்களை குளுக்கோஸ் அடக்குவதையும், அமினோ அமிலங்கள் தூண்டுவதையும் சுண்டெலி ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். பொங்கல் இல்லாமல் முடியாது என்றால் அரிசியும் பாசிப்பருப்பும் சம அளவு போட்டு, நெய்யை ஒரு தேக்கரண்டியில் நிறுத்தி, வடையை விட்டுவிட்டு கொத்சு சேர்த்துச் சாப்பிடுங்கள்.

பிரெட், கார்ன்ஃப்ளேக்ஸ், மால்ட் பானம்

நேரம் இல்லாத காலைக்கு இவை வசதி, அவ்வளவே. வேகமாக ஏறி வேகமாக இறங்கும் வகை. மால்ட் பானங்களை ‘ஆரோக்கிய பானம்’ என்ற தலைப்பின் கீழ் விற்க வேண்டாம் என்று மத்திய வர்த்தக அமைச்சகமே 2024 ஏப்ரலில் இணைய விற்பனைத் தளங்களுக்குச் சொன்னது. அவசரத்துக்கு பிரெட்தான் என்றால் ஜாமுக்குப் பதில் இரண்டு முட்டை ஆம்லெட்.

காபி, டீ: எது என்பதைவிட எப்போது என்பதே முக்கியம்

விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும். அது தன் ஏற்பிகளில் உட்கார்ந்தால் தூக்கம் வரும். காஃபின் அந்த ஏற்பிகளை அடைத்துக்கொள்கிறது. களைப்பு போவதில்லை, தெரியாமல் போகிறது. ஒருவேளைக் காஃபினில் பாதி உடலை விட்டு வெளியேறச் சுமார் ஐந்து மணி நேரம் ஆகும், கர்ப்ப காலத்தில் இன்னும் அதிகம். மாலை ஐந்து மணி காபியில் பாதி இரவு பத்து மணிக்கும் ரத்தத்தில் ஓடுகிறது என்று பொருள். மறுநாள் 11 மணிச் சோர்வுக்கு டிபனைக் குறை சொல்வதற்கு முன் முந்தின நாள் மாலைக் காபியைப் பாருங்கள். மதியம் இரண்டு மணிக்குப் பின் வேண்டாம் என்பது நல்ல விதி. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு நாளுக்கு 400 மில்லிகிராம், கர்ப்பிணிகளுக்கு 200 மில்லிகிராம் வரை என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வரம்பு. சிக்கரியில் காஃபின் இல்லை, எனவே சிக்கரி கூடிய தூளில் கணக்கு குறையும்.

இரும்பு விஷயத்தில் நேரம் இன்னும் முக்கியம். 1983-இல் வெளியான ஆய்வு ஒன்றில் சாப்பாட்டோடு குடித்த காபி இரும்பு உறிஞ்சலை 39 சதவீதமும், டீ 64 சதவீதமும் குறைத்தன. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன் குடித்த காபியால் பாதிப்பில்லை; ஒரு மணி நேரம் கழித்துக் குடித்ததோ கூடவே குடித்தது போலவே தடுத்தது. ஆகவே ஆறரை மணிக்குக் காபி, எட்டு மணிக்கு டிபன் என்ற பழைய வீட்டு வழக்கம் சரியானது. டிபன் முடித்த கையோடு குடிக்கும் டீயை விட வேண்டும், ரத்தசோகை உள்ள பெண்கள் கட்டாயம் விட வேண்டும். தைராய்டு மாத்திரையையும் காபியோடு விழுங்கக் கூடாது. வெறும் வயிற்றில் தண்ணீரோடு எடுத்து, காபிக்கும் டிபனுக்கும் குறைந்தது அரை மணி முதல் ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

இந்த வரிசை யாருக்குப் பொருந்தாது

பார்க்கின்சன் நோய்க்கு லெவோடோபா எடுப்பவர்களுக்கு அடை முதலிடம் கிடையாது. அந்த மருந்து மூளைக்குள் நுழைவதும் அமினோ அமிலங்கள் போட்டி போடும் அதே வாசல் வழியாகத்தான். புரதம் மிகுந்த டிபனோடு எடுத்தால் சிலருக்கு மருந்தின் பலன் தள்ளிப்போகும் அல்லது குறையும். அவர்கள் மாத்திரைக்கும் புரதத்துக்கும் இடைவெளி விட்டு, மருத்துவரிடம் கேட்டு, புரதத்தின் பெரும்பகுதியை இரவுக்கு மாற்றிக்கொள்வதுண்டு. காலையில் இட்லி அவர்களுக்குச் சரியான தேர்வு.

இன்சுலினோ, சர்க்கரையை இறக்கும் சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரைகளோ எடுப்பவர்கள் டிபனைத் தவிர்க்கவோ அரிசியைத் திடீரென்று பாதியாக்கவோ வேண்டாம். மருந்தின் அளவையும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும். சர்க்கரை 70-க்குக் கீழே போனால் அட்ரினலின் பாய்ந்து கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, கோபம் எல்லாம் ஒன்றாக வரும். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரையைப் பல ஆண்டுகள் எடுப்பவர்களுக்கும், பால்கூட அளவாகவே சேர்க்கும் சைவர்களுக்கும் பி12 குறைய வாய்ப்பு அதிகம். கீரையும் பருப்பும் எவ்வளவு சாப்பிட்டாலும் அந்தக் குறை தீராது.

மனச்சோர்வு நோய்க்குச் சாப்பாடு மட்டும் மருந்தாகாது, துணையாக நிற்கும். ஆஸ்திரேலியாவில் ஃபெலிஸ் ஜாக்கா குழு 67 பேரிடம் 12 வாரம் நடத்தி 2017-இல் வெளியிட்ட ஆய்வில், காய், பயறு, மீன், முழுத்தானியம், ஆலிவ் எண்ணெய் என்று உணவை மாற்றியவர்களில் 32 சதவீதம் பேருக்கும், பேச்சுத் துணை மட்டும் பெற்றவர்களில் 8 சதவீதம் பேருக்கும் நோய் தணிந்தது. ஆய்வு சிறியது, யார் எந்தக் குழு என்பதும் பங்கேற்றவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. ஆனாலும் புறந்தள்ள முடியாத முடிவு. ஓடிக்கொண்டிருக்கும் மாத்திரையை மட்டும் இதை நம்பி நிறுத்திவிடாதீர்கள்.

எப்படிச் சோதித்துப் பார்ப்பது

ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது. முதல் வாரம் இப்போது சாப்பிடுவதையே சாப்பிட்டு, காலை 11 மணிக்கும் மதியம் 3 மணிக்கும் சுறுசுறுப்புக்கு ஒன்று, மனநிலைக்கு ஒன்று என்று ஐந்துக்கு மதிப்பெண் போடுங்கள். எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்றும் எழுதுங்கள். ஐந்து மணி நேரம் தூங்கிய நாளை ஒப்பீட்டில் சேர்க்கக் கூடாது. அடுத்த இரண்டு வாரம் டிபனை மட்டும் மாற்றுங்கள். நான்காவது வாரம் காபி நேரத்தை மாற்றுங்கள். மூன்று மணிச் சரிவில் ஒரு பகுதி உடல் கடிகாரத்தின் இயல்பு, எந்த டிபனும் அதை முழுக்க அழிக்காது. மதியச் சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடம் நடப்பது அங்கே கூடுதலாக உதவும்.

ஒரு மாதம் கழித்தும் மதிப்பெண் நகரவில்லை என்றால் டிபனைத் திரும்பத் திரும்ப மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பு), பி12, டி.எஸ்.எச். (தைராய்டு), எச்.பி.ஏ.1.சி. (சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) ஆகிய ஐந்தையும் ரத்தப் பரிசோதனையில் பாருங்கள். ஹீமோகுளோபின் சரி என்று வந்தாலும் ஃபெரிட்டினை விட்டுவிடாதீர்கள். 2012-இல் பிரான்சில் ஹீமோகுளோபின் இயல்பாகவும் ஃபெரிட்டின் 50-க்குக் கீழும் இருந்த 198 பெண்களுக்கு 12 வாரம் இரும்பு மாத்திரை அல்லது வெற்று மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். களைப்பு மதிப்பெண் இரும்பு எடுத்தவர்களிடம் ஏறக்குறைய 48 சதவீதமும் மற்றவர்களிடம் 29 சதவீதமும் குறைந்தது. மாத்திரை தேவை என்று மருத்துவர் சொன்னால் அதை டீயோடும் பாலோடும் கால்சியம் மாத்திரையோடும் சேர்க்காமல், ஒரு எலுமிச்சைச் சாறோடு எடுத்துக்கொள்ளுங்கள்.